சிவஞான முனிவரும் எல்லாம் என்னும் சொல்லும்

மெய்கண்ட சந்தானத்துச் சிவநெறி தமிழகத்தில் வேரூன்றி நிற்றற்கு உழைத்த ஆன்றோர் பலர். அவருள் இலக்கணம், தருக்கம், சித்தாந்தம் என்னும் மூன்று துறைகளினும் ஒருங்கே வல்லராய், ஒன்றன் நுட்பத்தை மற்றொன்றற்கு விளக்காகக் கொண்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைநின்றவர் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவராவர். அப்பெரியார் 1785-ஆம் ஆண்டிலே சிவபரிபூரணம் எய்தினார். அவர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் இயற்றிய நூல்களை எண்ணிக் காட்டுவதோடு அமைவர். யாம் ஈண்டு ஒரு சிறு சொல்லைத் துணையாகக் கொண்டு அவர்தம் வாழ்வினூடே செல்லக் கருதினோம். அச்சொல் எல்லாம் என்பது. யாவும், அனைத்தும், முழுதும், எங்கும், என்றும் என்பனவும் அதன் இனமேயாம்.

இச்சொற்களை வழங்காத நாள் நமக்கு ஒன்றுமில்லை. வழங்கும்பொழுது இவற்றின் எல்லையை எண்ணுவாரும் மிகச் சிலரே. எல்லாம் சிவன் செயல் என்கின்றோம். எங்கும் சிவன் உளன் என்கின்றோம். எல்லா உயிரும் மலமுடையன என்கின்றோம். இவற்றுள் எல்லாம் என்பது எத்துணையளவு செல்கின்றது என்று ஒருவன் வினாவின், விடை கூறுதற்கு இலக்கணமும் வேண்டும், தருக்கமும் வேண்டும். அவ்விரண்டினையும் ஒருங்கு கற்றவர் ஒருவரைக் காட்டுக என்பார்க்கு யாம் காட்டற்குரியவர் சிவஞான முனிவரே என்க.

பொதியமலைச் சாரலிலே, பாபநாசத்தை அடுத்து, பொருநையாறு பாயும் வளநாட்டில் விளங்குவது விக்கிரமசிங்கபுரம் என்னும் ஊர். அவ்வூரில் ஆனந்தக் கூத்தர் என்பார்க்கும் மயிலம்மையார்க்கும் புதல்வராய் முனிவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் முக்களாலிங்கர் என்பது. இளம் பருவத்திலே பள்ளியினின்று மீளும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான்மாரைக் கண்டு வணங்கி, தம் இல்லத்துக்கு எழுந்தருளுமாறு வேண்டி அழைத்துச் சென்றனர் என்றும், அன்னையார் அவர்களுக்கு அமுது படைத்தனர் என்றும், பின்னர்ப் பிள்ளையார் பெற்றோர் இசைவு பெற்று அவ்வடியாரோடு போந்தனர் என்றும் அவர் வரலாறு கூறும். வேலப்ப தேசிகரிடத்தே தீக்கையும் துறவும் பெற்றுச் சிவஞானம் என்னும் திருநாமம் பூண்டனர். பிள்ளைப் பருவத்து எழுந்த அவ்வேட்கை இறுதிகாறும் தளர்ந்திலது.

ஆதீனத்தில் அவர் தமிழும் வடமொழியும் கசடறக் கற்றார். அக்காலத்து மடங்களிலே ஒரு நூலைப் பாடங் கேட்டலாவது, மூலத்தை நெட்டுருச் செய்து, உரையைக் கேட்டு, தடைகளை எழுப்பி, விடைகளை நிறுவி, ஒரு சொல்லின் பொருளை அதன் இறுதிவரை தொடர்ந்து செல்லுதலாம். முனிவர் அம்முறையில் வளர்ந்தவர் என்பது அவர் நூற்பெயர்களானே விளங்கும். வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கத்தின்மேல் இலக்கண விளக்கச் சூறாவளி என ஒரு மறுப்பு நூல் செய்தார். எடுத்து என்னும் ஒரே சொல்லின் பொருளை நிலைநாட்டுதற்கு வைரக்குப்பாயம் என ஒரு தனி நூல் எழுதினார். ஒரு சொல்லுக்காக ஒரு நூலா என இக்காலத்தார் வியத்தல் கூடும். ஒரு சொல் பிறழின் ஒரு கொள்கை பிறழும் என்பதை உணர்ந்தார்க்கு அதில் வியப்பில்லை.

தொண்டைநாட்டிலும் முனிவர் நெடுநாள் வதிந்தனர். காஞ்சியில் உறைந்து காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடினார். இரண்டாங் காண்டத்தை அவர் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் பாடி நிறைத்தார். குளத்தூர்ச் சோமேசரைத் தலைவராக வைத்துச் சோமேசர் முதுமொழி வெண்பாவைப் பாடினார். திருக்குறட் கருத்தொன்றையும் பழைய வரலாறொன்றையும் இணைத்து, பொதுவிதிக்குச் சிறப்பெடுத்துக்காட்டு நிறுத்தும் நூல் அது. பொதுவாகக் கூறியதனை ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டும் இயல்பு அவர் செய்யுளினும் உரையினும் ஒருங்கே காணப்படும்.

இனி, அவர்தம் இலக்கணப் பணியை நோக்குவாம். தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் விருத்தி செய்தார். பவணந்தியார் இயற்றிய நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயப் புலவர் வரைந்த விருத்தியுரையைத் திருத்தியும் பெருக்கியும் புதுக்கினார். இன்று நாம் நன்னூல் விருத்தியென்று கற்பது அவர் கைபட்ட உரையே. அந்நூலின் இடையியலிலே நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது உளது.

தமிழில் எல்லாம் என்னும் பொருளைத் தருதற்கு ஒரு தனிச்சொல் வேண்டுவதில்லை. உம் என்னும் சிறிய இடைச்சொல்லே போதும். உம்மைக்கு நன்னூலார் எட்டுப்பொருள் கூறுவர். எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்பன அவை. இவற்றுள் முற்றும்மையே அனைத்தையும் அகப்படுத்துவது. யார் என்பது வினா. யாரும் என்பது முற்று. எங்கு என்பது வினா. எங்கும் என்பது முற்று. வினாச்சொல்லின் பின் உம்மை வருங்கால் வினாவுக்கு விடையாதற்குரிய பொருளனைத்தும் அச்சொல்லினுள் அடங்கும். இவ்வமைதியை நுனித்து நோக்குவார்க்குத் தமிழ் வழக்கிலே தருக்கம் உறைதல் புலனாகும்.

இவ்வும்மை பற்றி இலக்கணநூலார் கண்ட நுட்பங்கள் மூன்றனை ஈண்டு எடுத்துக் கொள்வாம்.

முதலாவது, தொகை வரையறுக்கப்பட்ட பொருளை வினையொடு புணர்த்துங்கால் உம்மை வேண்டும் என்னும் விதி. ஒருவன் தன் இரண்டு கண்களும் சிவந்தன என்னல் வேண்டும். இரண்டு கண் சிவந்தன என்பானாயின், சிவவாத கண் வேறும் உள போலும் என்று கேட்போர் மயங்குவர். ஐம்பொறியும் அடங்கின என்புழி, அடங்காத ஆறாம் பொறி இல்லை என்பதை அவ்வும்மையே அறிவிக்கின்றது. ஆகவே முற்றும்மையின் தொழில், பொருள்களை எண்ணிக் காட்டுவதன்று. எஞ்சியது ஒன்றில்லை எனக் கதவடைப்பதேயாம்.

இரண்டாவது, உலகில் இல்லாத பொருளைக் கூறுங்காலும் உம்மை வேண்டும் என்னும் விதி. முயற்கொம்பு எங்கும் இல்லை என்றல் முறை. முயற்கொம்பு இவ்வூரில் இல்லை என்று ஒருவன் கூறின், அயலூரில் உளது என்னும் எண்ணம் கேட்பான் உள்ளத்தே தோன்றும். இன்மையைக் கூறும் வாக்கியத்துக்கும் எல்லை வேண்டும் என்பதை இவ்விதியால் அறிகின்றோம்.

மூன்றாவதே மிக நுண்ணியது. முற்றும்மை ஒரோவிடத்து எச்சவும்மையாகவும் ஆகும் என்பது அது. எதிர்மறை வினையொடு சேருமிடத்தே இது நிகழும். எல்லாரும் வந்திலர் என்னும் தொடரை எடுத்துக்கொள்க. ஒருவரும் வரவில்லை என்பது ஒரு பொருள். வந்தாரும் உளர், வாராதாரும் உளர் என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது. மறுப்பு ஒவ்வொருவர்மேலும் தனித்தனியே சென்றதா, எல்லாரும் என்னும் முழுமையின்மேற் சென்றதா என்பதே வினா. முன்னதாயின் ஒருவரும் எஞ்சார். பின்னதாயின் முழுமை மட்டும் குலையும். தொல்காப்பியனார் காலந்தொட்டே இவ்வேற்றுமை நம்மவரால் உணரப்பட்டது.

வழக்கிலே இச்சொற்கள் எவ்வாறு எல்லை பெறுகின்றன என்பதற்கு நம் கண்ணெதிரே எடுத்துக்காட்டுண்டு. திருமயிலையிற் பங்குனிப் பெருவிழாவின் 8-ஆம் நாள் அறுபத்துமூவர் திருவுலா நிகழும். அன்று மாடவீதியில் நிற்பார் ஒருவர், ஊரெல்லாம் திரண்டுவிட்டது என்பர். தியாகராய நகரிற் கடை திறந்திருப்பவனும், அடையாற்றில் நோயுற்றுக் கிடப்பவனும் ஆண்டு வந்திலர். ஆயினும் சொன்னவரைப் பொய்யர் என்பார் யாருமிலர். வீதியின் நெருக்கமே அச்சொல்லுக்கு எல்லை வகுத்தது. விருந்திட்ட இல்லத்தார் எல்லாரும் உண்டனர் என்புழி அவ்வில்லத்துக்கு வந்தோரே எல்லாரும் ஆவர். உலக வழக்கில் எல்லாம் என்பது என்றும் ஒரு வேலிக்குள் நின்றே பொருள் தரும். அவ்வேலி சொல்லப்படாமலே உணரப்படும். ஊர் வழக்குக்கு இது குற்றமன்று. வாதத்துக்கோ இதுவே பெருங்குற்றம். சொல்வோன் ஒரு வேலியையும் கேட்போன் மற்றொரு வேலியையும் கருதியிருத்தல் கூடும் ஆகலின்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் நூல் தருக்கம். 17-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அன்னம்பட்டர் வடமொழியில் தருக்க சங்கிரகம் என்னும் சிறுநூலையும், அதற்குத் தீபிகை என்னும் உரையையும் தாமே இயற்றினார். நியாயம், வைசேடிகம் என்னும் இருநூற் கருத்துக்களையும் இளைஞர் எளிதிற் கற்குமாறு சுருக்கித் தரும் நூல் அது. சிவஞான முனிவர் அவ்விரண்டினையும் தமிழில் மொழிபெயர்த்தருளினார். வடமொழி அறியாத தமிழ் மாணாக்கர் தருக்கநெறி அறிந்தே சித்தாந்த நூல்களை ஓதல் வேண்டும் என்னும் பெருங்கருணையே அதற்கு ஏதுவாதல் வேண்டும். பின்னாளில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அம்மொழிபெயர்ப்பைச் சென்னையில் அச்சிட்டு வழங்கினார். தமிழ்ப் பண்டிதர்கள் அதனை அன்னம்பட்டீயம் என்று ஓதி வருவர்.

கருதலளவைக்கு உயிராயது வியாத்தி. புகையுள்ள இடமெங்கும் நெருப்புண்டு என்பது வியாத்திக்கு வழங்கும் எடுத்துக்காட்டு. எங்கும் என்னும் சொல் இல்லையாயின் மலையிற் புகை கண்டு நெருப்பைத் துணிதல் இயலாது. அச்சொல்லைத் திருப்பிப் போடுதலும் ஆகாது. நெருப்புள்ள இடமெங்கும் புகையுண்டு என்பது பொய். உலையிற் காய்ச்சிய இருப்புக்கோலில் நெருப்புண்டு, புகையில்லை. எல்லாம் என்னும் சொல் எப்பக்கம் நின்றது என்பதை நோக்காதார் இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குவர்.

அற்றேல், எங்கும் என்பதை யாங்ஙனம் அறிந்தோம்? பலகாற் கண்டமையால் அறிந்தோம் எனின், அது போதாது என்று தீபிகை மறுக்கும். மண்ணின் கூறாயுள்ள பொருள்கள் இரும்பாற் கீறப்படுதலை நூறுமுறை கண்டிருப்பினும், வயிரம் இரும்பாற் கீறப்படாது. நூறு கண்டவன் எல்லாவற்றையும் கண்டவன் ஆகான். ஆகவே உடனிகழ்ச்சியைக் காண்டலோடு, பிறழ்ச்சி காணப்படாமையும் வேண்டும். பிறழுமோ என்னும் ஐயம் எழுமாயின் அதனைத் தருக்கத்தால் நீக்குதலும் வேண்டும். நெருப்பின்றியும் புகை தோன்றுமாயின், புகை நெருப்பின் காரியமாதல் ஒழியும் என்று மறுதலை காட்டுதல் அத்தருக்கமாம்.

தீபிகையார் வியாத்திக்குத் தரும் இலக்கணமோ இன்னும் வியத்தற்குரியது. ஏது உள்ள இடத்தே எப்பொருளின் இன்மை உளதோ, அப்பொருளாகாத துணிபொருளோடு ஏது ஓரிடத்து இருத்தலே வியாத்தி என்பது அதன் கருத்து. இதனை எளிதாக்கிக் கூறுவாம். புகையுள்ள அடுக்களை, வேள்விச்சாலை முதலிய இடங்களை நோக்குக. ஓரிடத்தே குடம் இல்லை. ஓரிடத்தே ஆடை இல்லை. ஆகவே குடத்தின் இன்மையும் ஆடையின் இன்மையும் புகையுள்ள இடத்தே காணப்படும். நெருப்பின் இன்மையோ அவ்விடங்களில் ஒன்றினும் காணப்படாது. இங்ஙனம் இன்மையாற் பற்றப்படாத தன்மையே நெருப்புக்குப் புகையோடுள்ள வியாத்தி. இவ்விலக்கணத்தில் பொருள்களை ஒவ்வொன்றாய் எண்ணிச் சேர்த்தல் இல்லை. விலக்காவது ஒன்று உண்டோ என நாடி, இல்லையெனத் துணிதலே உண்டு. முற்றும்மை எஞ்சியது இல்லையெனக் கதவடைப்பது என முன்னர்க் கூறினோம். இலக்கணநூலார் உம்மையாற் செய்ததையே தருக்கநூலார் அபாவத்தாற் செய்தனர். இவ்விரண்டு நூலையும் ஒருவரே தமிழில் விளக்கினமையின், இவ்வொற்றுமை தமிழ் மாணாக்கர்க்குக் கைக்கெட்டிய கனியாயிற்று.

எல்லாம் என்னும் சொல்லே ஒரு வாதத்தை அழித்துவிடும் இடமும் அந்நூலில் உண்டு. ஏதுப்போலிகளுள் அநுபசங்காரி என்பது ஒன்று. எல்லாம் அநித்தம், அறியப்படுபொருளாதலின் என்று ஒருவன் வாதித்தான் என்க. இவ்வாதத்துக்கு உடம்பாட்டில் எடுத்துக்காட்டுத் தேடினால், எப்பொருளும் பக்கமாகிய எல்லாம் என்பதனுள் முன்னமே அடங்கிவிட்டது. எதிர்மறையில் எடுத்துக்காட்டுத் தேடினும் அவ்வாறே. மேற்கோளே உலகனைத்தையும் விழுங்கிவிட்டமையின், அதனைச் சோதித்தற்கு வெளியே ஒரு பொருளும் நின்றிலது. பேரளவினதாகத் தோன்றும் வாக்கியம் யாதொன்றையும் நிறுவமாட்டாது ஒழிந்தது. வேலியே இல்லாத எல்லாம் வாதத்துக்கு உதவாது என்பது இதனாற் பெறப்படும்.

இன்னும் ஒன்று. வானத்தாமரை மணமுடைத்து, தாமரையாதலின் என்பதைத் தருக்கநூலார் ஆசிரயாசித்தம் என்னும் போலியாகக் கழிப்பர். எப்பொருளைப்பற்றிப் பேசுகின்றோமோ அப்பொருள் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மேனாட்டார் இவ்விடத்தே வேறு வழிச் சென்றனர். செருமானிய நாட்டுக் கணித அறிஞர் பிரேகே என்பார் 1879-இல் வெளியிட்ட நூலில், எல்லாம் என்னும் பொருளுக்கு ஒரு குறியும் மறுப்புக்கு ஒரு குறியும் வகுத்து, எது எதன்மேற் செல்கின்றது என்பதை எழுத்திலே காட்டினார். எல்லாரும் வந்திலர் என்னும் தொடரின் இருபொருளும் அம்முறையில் இருவேறு வரிகளாய் நிற்கும். அவர் வழிவந்த தருக்கத்தில், வானத்தாமரை அனைத்தும் மணமுடையன என்பது மெய்யாகவே கொள்ளப்படும். மணமற்ற வானத்தாமரை ஒன்றனைக் காட்டுதல் இயலாமையின். நியாய நூலாரோ, இல்லாததன்மேல் ஒன்றனைத் துணிதலால் அறிவு வளராது என்பர். முன்னவர் வாக்கியத்தின் வடிவத்தைக் காத்தனர். நம்மவர் அறிவின் பயனைக் காத்தனர். இரண்டனையும் அறிந்து வைத்தல் நம் மாணாக்கர்க்கு நலமாம்.

கீழ்நாட்டு மேல்நாட்டுத் தருக்கங்களை ஒப்பிட்டு நோக்கும் பணியில் திருமயிலைக்கும் ஒரு பங்குண்டு. 1906-இல் மயிலாப்பூரிலே தோன்றிய வடமொழிக் கல்லூரியில் தலைமை பூண்டிருந்தவரும், பின்னர் மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராய் விளங்கியவருமாகிய மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையே அடிப்படையாக வைத்து 1932-இல் ஆங்கிலத்தில் இந்தியத் தருக்க நூலொன்று வெளியிட்டார். அவர் 1943-இல் மறைந்தபின் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் மயிலாப்பூரில் அமைந்தது. ஒரே சிறுநூலை 18-ஆம் நூற்றாண்டிலே திருவாவடுதுறைத் துறவி ஒருவர் தமிழுக்கும், 20-ஆம் நூற்றாண்டிலே சென்னைப் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்துக்கும் கொணர்ந்தமை அந்நூலின் தகுதியைக் காட்டும்.

இனி, முனிவர் வாழ்வின் முடிமணியாகிய சிவஞான மாபாடியத்துக்கு வருவாம். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. அதற்கு முனிவர் சிற்றுரை ஒன்றும், மாபாடியம் எனப்படும் பேருரை ஒன்றும் வகுத்தார். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களால் நடப்பது போதம். ஆதலின் அதன் உரைகாரர் தருக்கம் அறியாராயின் ஓரடியும் நடத்தல் இயலாது. முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய உழைப்பின் பயனை மாபாடியத்திலே காணலாம்.

முதற் சூத்திரத்தில் உலகுக்கு முதல்வன் உளன் என்பது நிறுவப்படுகின்றது. எல்லாம் தோன்றி நின்று ஒடுங்குவன, ஆதலால் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்தா உண்டு என்று வரையறையின்றிக் கூறின் இரண்டு இழுக்கு நேரும். எல்லாம் என்பதனுள் முதல்வனும் அடங்குவனாயின், அவனுக்கும் தோற்றமும் ஒடுக்கமும் கூறல் வேண்டும். அவனுக்கும் ஒரு கருத்தாவைத் தேடல் வேண்டும். அன்றி, எல்லாவற்றையும் பக்கமாக்கின் மேற்கூறிய அநுபசங்காரி என்னும் போலி வந்து தாக்கும். மெய்கண்டார் அவ்வாறு கூறாது, ஆண், பெண், பிறிது எனச் சுட்டி அறியப்படும் உலகத்தை மட்டுமே பக்கமாகக் கொண்டார். சுட்டறிவுக்கு உட்படுதலே அவ்வெல்லாம் என்பதன் வேலி. சிவம் சுட்டறிவால் அறியப்படும் பொருளன்று என்பதை 6-ஆம் சூத்திரம் நிறுவுமாகலின், வேலியின் உள்ளது இது, அப்பாலது இது என்பது ஐயமற விளங்கும். சொல்லின் எல்லையை முன்னரே வரைந்து கொண்டமையால் வாதம் நிலைபெற்றது.

உலகாயதர் கருதலளவையையே உடன்படார். எல்லாப் புகையையும் எல்லா நெருப்பையும் கண்டவர் யார் என்பது அவர் வினா. இவ்வினாவுக்கு விடையில்லையாயின், காணப்படாத முதல்வனை நிறுவுதற்கு வழியே இல்லையாகும். ஆகவே எல்லாம் என்னும் சொல்லைப்பற்றிய ஆராய்ச்சி வெறும் சொல்லாடலன்று. நம் சமயத்தின் அடிநிலை அதன்மேல் நிற்கின்றது. வியாத்தி எண்ணிக்கையால் வருவதன்று, பிறழ்ச்சியின்மையால் வருவது என்னும் நியாய விடையே ஆண்டு நமக்குக் காப்பு. ஐயுறும் உலகாயதனும் சோறு வேண்டின் அடுப்பைத்தானே மூட்டுகின்றான்! அவன் நாவினால் மறுத்த எல்லாம் என்பதை அவன் கை உடன்பட்டமை காண்க.

உயிர்களைப்பற்றிய கொள்கையிலும் இச்சொல்லை அளந்தே வழங்கல் வேண்டும். எல்லா உயிரும் மும்மலமுடையன என்று மாணாக்கர் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது சித்தாந்தமன்று. சகலர் மும்மலமும் உடையர். பிரளயாகலர் ஆணவமும் கன்மமும் உடையர். விஞ்ஞானகலர் ஆணவம் ஒன்றே உடையர். எல்லா உயிரும் அநாதியே ஆணவமலமுடையன என்றலே பிறழாத வியாத்தி. மும்மலமும் எல்லார்க்கும் உண்டு என்றால், விஞ்ஞானகலர் ஒருவரே அதற்கு வயிரம்போல் நின்று அதனை உடைத்துவிடுவர்.

இதனினும் பெரிதாய தொன்று உண்டு. எல்லா உயிரும் வீடுபெறா என்று ஒரு நூலில் ஒருவன் கண்டான் என்க. முற்றும்மையை முற்றாகவே கொண்டு மறுப்பைத் தனித்தனி உயிர்மேற் செலுத்தின், ஓருயிரும் வீடுபெறாது என்று கருதி அவன் நெஞ்சம் இடிவான். எச்சவும்மையாகக் கொள்ளின், பக்குவம் எய்தியவை இப்பொழுது வீடுபெறும், எய்தாதவை பக்குவத்தை நோக்கி இன்னும் பிறப்பில் நிற்கும் என்று தெளிவான். ஒரே தொடர், ஒரு பொருள் அவநம்பிக்கையைத் தரும், மற்றொன்று முயற்சியைத் தரும். என்றுமே வீடுபெறாத உயிர்கள் சில உள என்று மத்துவ மதத்தார் கூறுவர். நம் சித்தாந்தம் அவ்வாறு எவ்வுயிரையும் புறத்தே தள்ளி வைத்திலது. இறைவன் இயற்றும் ஐந்தொழிலும் உயிர்களின் மலநீக்கத்தின் பொருட்டேயாதலின், அவன் அருளுக்குப் புறம்பாய உயிர் ஒன்றுமில்லை. அருளின்கண் எல்லா உயிரும் என்பது முற்று. காலத்தின்கண் எல்லா உயிரும் என்பது எச்சம். இவ்வேற்றுமையை உணர்ந்தவன் தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் நம்பிக்கை இழவான்.

அத்துவிதம் என்னும் சொல்லுக்கு முனிவர் மாபாடியத்தில் உரைத்த பொருளும் இந்நெறியதே. இரண்டு என்பதை மறுக்கும் அச்சொல்லில் மறுப்பு இன்மைப்பொருட்டன்று, அன்மைப்பொருட்டு என்று நாட்டினார். இரண்டாவது பொருளே இல்லை என்பது ஒன்று. இரண்டென வேறாய் நிற்றல் அன்று என்பது மற்றொன்று. மறுப்பு எதன்மேற் செல்கின்றது என்று நோக்கும் கண், முற்றும்மையில் பழகிய கண்ணே. அக்கண் கொண்டு நோக்கினமையின், பதியையும் பசுவையும் ஒன்றெனக் கலவாமலும், வேறெனப் பிரியாமலும் நிறுத்த முனிவரால் இயன்றது. எல்லாம் சிவமயம் என்று சொல்லும் அன்பரும், அவன் எல்லாவற்றினும் பிரிவின்றி நிறைந்துளன் என்னும் பொருளிற் கூறுவாராயின் அது நம் நெறியே. எல்லாப் பொருளும் அவனே, வேறு பொருள் இல்லை என்னும் பொருளிற் கூறுவாராயின் அது மாயாவாதத்தின் பாற்படும்.

இத்தகைய பெரும்பணிகளை நிறைவேற்றி, பன்னூல்களையும் அருளி, கச்சியப்ப முனிவர் முதலிய மாணாக்கரை உருவாக்கி, சிவஞான முனிவர் விசுவாவசு ஆண்டு சித்திரைத் திங்கள் ஆயிலிய நாளில் திருவாவடுதுறையிலே சிவன் திருவடி நிழல் எய்தினார். மாபாடியம் நெடுங்காலம் மடத்தின் ஏட்டிலே போற்றிக் காக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டிலேதான் முழுதும் அச்சேறி யாவர் கைக்கும் எட்டியது.

முனிவர்பால் நாம் கற்கவேண்டியது யாது? எல்லாம் என்று வாய் எழுமுன் மூன்று வினாக்களை நம்மையே நாம் வினாவுதல் வேண்டும். எதனுள் எல்லாம்? விலக்காவது ஒன்றேனும் உண்டோ? மறுப்பு வருமாயின் அது முழுமையின்மேலா, ஒவ்வொன்றன்மேலா? இம்மூன்றையும் வினாவிப் பழகியவன் நாவில் சமயச் சொற்கள் அளவு கடவா. பிறர் சமயத்தாரெல்லாம் அறியார் என்றும், இக்காலத்து இளைஞரெல்லாம் கெட்டனர் என்றும் எளிதாக வசைமொழியும் வழக்கமும் அவனை விட்டு நீங்கும். ஒரே ஒரு நல்லிளைஞன் எதிர்ப்படின் அவ்வெல்லாம் பொய்த்தல் ஒருதலையாதலின்.

நன்னூலும் தருக்க சங்கிரகமும் தம்மிடத்தே கிடைப்பனவாகவும், அவற்றைப் புறத்தே வைத்துவிட்டுப் போதத்தையும் சித்தியாரையும் நேரே ஓதப் புகும் அன்பர்கள் உளர். அவர்கள் முனிவர் சென்ற வழியே, இலக்கணத்தில் தொடங்கித் தருக்கத்தின் வழியாகச் சித்தாந்தத்தை அடைவார்களாக. சிவஞான முனிவர் திருவடி மலர்கள் நம் சிந்தையில் என்றும் நின்று விளங்குக.

திருச்சிற்றம்பலம்.